குரோ எல்லையில் ஒரு பிற்பகல்

சப்பான்காரன் சைக்கிளில் வந்தான், வெள்ளைக்காரன் ஓடிப்போனான். பேராக் தோட்டத்து லயங்களில் 1941ஆம் ஆண்டின் கதை இவ்வளவுதான். ஓடுவதற்கு முன்னால் வெள்ளைக்காரன் முந்தி அடிக்கத் திட்டம் போட்டிருந்தான் என்பது அந்தக் கதையில் வராது.

திட்டத்தின் பெயர் மெட்டடோர். ஜப்பானியர் கரையிறங்குமுன் தாய்லாந்துக்குள் புகுந்து சிங்கோரா, பட்டாணி துறைகளைப் பிடித்துவிட வேண்டும். கூடவே இன்னொரு படை, பேராக்கின் வடகோடியில் இன்று பெங்காலான் ஹுலு எனப்படும் குரோவிலிருந்து கிளம்பி, பட்டாணிச் சாலையில் ஒரு மலைச்சரிவை அடைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியப் படை கிரா பூசந்தியை நோக்கி வருவது தெரிந்தால் லண்டனைக் கேட்காமலே இறங்கலாம் என்று டிசம்பர் 5ஆம் தேதி பிரிட்டிஷ் தூரகிழக்குப் படைகளின் தலைமைத் தளபதி புரூக்-போப்பமுக்கு அனுமதி வந்தது. மறுநாள் நண்பகலில் ஆஸ்திரேலிய விமானிகள் கடலில் கப்பல் வரிசையைக் கண்டார்கள். அப்போதும் அவர் உத்தரவு போடவில்லை. பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரோ, ஜப்பான் முதலில் கைவைக்காதவரை தாய்லாந்து மண்ணை மிதிக்காதீர்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

முந்தி அடிப்பது பற்றிய வாதம் ஐரோப்பாவிலும் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 22இல் சோவியத் நாட்டின்மேல் பாய்ந்த ஹிட்லர், ஸ்டாலின் அடிக்கவிருந்தார், நாங்கள் முந்திக்கொண்டோம் என்றார். பல ஆண்டுகள் கழித்து, விக்டர் சுவோரவ் என்ற புனைபெயரில் எழுதிய முன்னாள் சோவியத் உளவு அதிகாரி இந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தார். அவர் பக்கம் நிற்பவர்கள் பெரிதாகக் காட்டுவது, 1941 மே மாதம் தளபதி ழூக்கோவ் தயாரித்த முன்தாக்குதல் வரைவு. வரைவு உண்மை. ஆனால் ஸ்டாலின் அதை ஏற்றதற்குச் சான்றில்லை. செஞ்சேனை அப்படியொரு போருக்குத் தயாராகவும் இல்லை என்று டேவிட் கிளான்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள்.

மெட்டடோர் கோப்பை மட்டும் சுவோரவ் கையில் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பிரிட்டன் பாயவிருந்தது, ஜப்பான் தற்காத்துக்கொண்டது என்றுதானே! போருக்குப் பின் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில், ஜப்பானின் போர்க்காலப் பிரதமர் தோஜோவும் தற்காப்புப் போர் என்றே வாதாடினார். திட்டம் வேறு, எண்ணம் வேறு. இரண்டுக்கும் நடுவே, கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று ஒரு மனிதர் தயங்கி நிற்கும் இடம் இருக்கிறது. முந்தி அடிக்கலாமா என்ற அறக்கேள்வி பிறப்பது அங்கேதான்.

நம் மரபிலும் இதற்கு ஒற்றை விடை இல்லை. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து அதிகாரம் வைத்த வள்ளுவர் அங்கே பேசுவது வெல்லும் வழி. புறத்திணையில் போர் தொடங்குவதே வெட்சியில், அடுத்தவன் ஆநிரையைக் கவர்வதில். ஆனால் அம்பு விடுமுன் பசுவும் பெண்டிரும் நோயாளியும் ஒதுங்கிக்கொள்ள முன்கூட்டிச் சொல்லும் வழக்கத்தைப் புறநானூறு பாண்டியன் முதுகுடுமிக்குப் பெருமையாக ஏற்றுகிறது. சொல்லிவிட்டு அடிப்பவன் முந்தி அடிக்க முடியாது.

புரூக்-போப்பமைக் கோழை என்று எழுதிவிடுவது எளிது. போர்க்கணக்கில் அவர் தவறினார். ஆனால் கப்பல்கள் போகுமிடம் அவருக்கு உறுதியாகத் தெரியாது; மிதிக்கப்போவதோ சண்டையில் இல்லாத மூன்றாம் ஆளின் மண். ஊரான் மண்ணில் ரப்பர் நட்டுப் பிழைத்த பேரரசுக்கு இவ்வளவு கூச்சமா என்று கேட்கலாம். கூச்சம் பாதி, அமெரிக்கா என்ன நினைக்குமோ என்ற கவலை பாதி. இருந்தாலும் அந்தத் தயக்கத்தில் அறம் கொஞ்சமாவது இருந்தது.

டிசம்பர் 8 நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கிவிட்டார்கள். அன்று பிற்பகல் மூன்று மணிவாக்கில்தான் குரோவிலிருந்து பஞ்சாபியச் சிப்பாய்கள் எல்லை தாண்டினார்கள். அவர்களை முதலில் சுட்டவர்கள் ஜப்பானியர் அல்ல, தாய்லாந்துப் போலீஸார். மலைச்சரிவை எட்டுவதற்குள் ஜப்பானியர் முந்திவிட்டார்கள். மாதக் கடைசியில் ஈப்போ விழுந்தது. கம்பார் முகட்டில் நான்கு நாள் தாக்குப்பிடித்த படையும் ஜனவரி 2ஆம் தேதி பின்வாங்கியது.

தைப்பிங் போர்க் கல்லறையில் இந்தப் போரில் இறந்த சிப்பாய்கள் இருக்கிறார்கள். சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும் கூர்க்காக்களும். சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துப்போய்ச் செத்த தோட்டத் தமிழர்களுக்கு அங்கே கல் கிடையாது.