விடுமுறைப் பயணமும் காலத்தேர்வின் அறமும்

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலமும், துவாஸ் பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்பும் பள்ளி விடுமுறைகளிலும் நீண்ட வாரயிறுதிகளிலும் வாகனங்களால் நிறைந்து விடுவதால், வடக்கே உறவினர் வீடுகளுக்கும் பத்துமலை முருகன் கோவிலுக்கும் காரில் செல்லும் குடும்பங்கள் பல, விடியுமுன்பே எல்லையைக் கடந்துவிட முனைகின்றன. நெரிசலற்ற நேரத்தைத் தேர்ந்து புறப்படும் இச்செயல் அறத்தோடு பொருந்துமா என்னும் வினா, சிறிதாகத் தோன்றினும், ஒழுக்கவியலின் அடிப்படைச் சிக்கலொன்றைத் தொடுகிறது.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், ஒருவர் தம் செயலுக்கு அடிப்படையாகக் கொள்ளும் கொள்கை, அதாவது செயல்நெறி, எல்லார்க்கும் உரிய பொதுவிதியாகுமாறு முரணின்றி விரும்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என வரையறுத்தார். இவ்வளவுகோலை மேலோட்டமாகப் பொருத்தினால், அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படும் நெறி தோற்றுவிடும். ஏனெனில், எல்லாரும் அதே மணிக்குப் புறப்பட்டால், கடற்பாலத்தின் சிங்கப்பூர் முனையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் வரிசை அம்மணிக்கு இடம்பெயருமேயன்றிக் குறையாது. காண்டின் கோட்பாட்டை ஆராய்ந்த பார்பரா ஹெர்மன், 1993இல் வெளிவந்த தம் நூலில், அண்டை வீட்டார் தேவாலயத்தில் இருக்கும் ஞாயிறு காலையில் டென்னிஸ் ஆடச் செல்பவரைக் காட்டி இதே சிக்கலை எழுப்பினார். அத்தகையவர் உண்மையில் கொள்வது, கூட்டம் குறைந்த நேரமாயின் செல்வது, இல்லையாயின் வேறு நேரத்தை நாடுவது என்னும் நிபந்தனையுடைய நெறியே. அதனை எல்லாரும் மேற்கொண்டால் பயணங்கள் பல மணிகளில் பரவுமாதலால், முரண் எழுவதில்லை.

வரிசையின் இடையே காரை நுழைப்பவரின் நிலை இதனின் வேறானது: பிறர் ஒழுங்கைக் காப்பதாலேயே அவருக்கு ஆதாயம் கிடைக்கிறது, அவர் மிச்சப்படுத்தும் நேரமும் பின்னே நிற்பவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகிறது. நேரத்தை மாற்றிக்கொள்பவரோ நெரிசல் மிக்க மணியில் தம் இடத்தைக் காலியாக்கிப் பிறரின் காத்திருப்பையும் குறைக்கிறார்.

எனினும், காலத்தைத் தேரும் உரிமை எல்லார்க்கும் சமமாக வாய்ப்பதில்லை. விடுமுறைப் பயணிகள் பலர் புறப்படும் வெள்ளிக்கிழமை மாலையே, சிங்கப்பூரில் பணி முடித்து ஜொகூர் பாருவிலுள்ள இல்லங்களுக்குத் தொழிலாளர்கள் திரும்பும் வேளையுமாகும். பணிநேரத்தால் கட்டுண்ட அவர்கள் வேறு மணியைத் தேர இயலாது. உரிய காலத்தைத் தேர்வது பற்றிப் பேசும் திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் பொருட்பாலில் அமைந்து, பகைவெல்லக் கருதும் வேந்தனுக்குரிய திறனாக அத்தேர்வை விளக்குகிறது. ஆனால் எல்லை வரிசையில் முன்நிற்பவரும் பின்நிற்பவரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர். ஆகவே, தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளக்கூடிய பயணி, வெள்ளி மாலை வேளையைத் தொழிலாளர்க்கு விட்டு வேறு வேளையில் புறப்படுவது, தம் வசதியைக் காக்கும் திறன் என்பதோடு அமையாது, அவர் பிறர்க்கு ஆற்றவேண்டிய கடமையும் ஆகும்.