சாரிட்டி பட்லரின் வழக்கு

கொலைப்பழி சுமந்து நிற்பவனுக்கும் வாதாட ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒரு தாயையும் பிள்ளைகளையும் அடிமைகளாகத் திருப்பித் தரக் கேட்பவருக்காக வாதாடுவதும் அதே தொழில் தர்மத்துக்குள் அடங்குமா?

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதங்களுக்கு மேல் அங்கே வைக்கப்பட்டால் விடுதலை பெறுவார். மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் அங்கே பலமுறை அழைத்து வரப்பட்டிருந்தார். அந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் தரப்பு. ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்று உரிமையாளர் தரப்பில் வாதாடியவர், கெட்டிஸ்பர்க்கில் தொழில் நடத்திய இளம் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஐந்து மாதம் வைத்திருந்து, எல்லை தாண்டிக் கூட்டிப்போய், மறுபடி அழைத்துவர எஜமானர்களுக்கு வழி கிடைத்தது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நின்றார்கள்.

இதே ஸ்டீவன்ஸ்தான், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்ததற்காக 1838இல் மாநில அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தார். 1851இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கவிடாததற்காகத் தேசத்துரோக வழக்கில் சிக்கியவர்களுக்காக நின்றார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக, அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியல் சாசனத் திருத்தத்துக்காக விடாமல் போராடினார். 1868இல் இறந்தபோது, நிற வேறுபாடு பார்க்காத இடுகாட்டில், அவர் விருப்பப்படியே புதைக்கப்பட்டார்.

அந்தப் பழைய வழக்கின் உறுத்தலே அவரை மாற்றியது என்று சொல்லி ஆறுதல் கொள்ளலாம். அப்படியே இருந்தாலும், ஒருவர் மனம் திருந்த இன்னொருவர் தன் விடுதலையையா விலையாகக் கொடுப்பது? ஒருவரிடம் பட்ட கடன் ஊருக்குத் தானம் செய்வதால் தீராது. லிங்கனும் 1847இல் மேட்சன் என்ற அடிமை உரிமையாளருக்காக வாதாடினார். அவர் தோற்றதால் ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் விடுதலை பெற்றார்கள். ஸ்டீவன்ஸோ ஜெயித்துவிட்டார்.

குற்றவாளிக்காக வாதாடும் வழக்கறிஞர் அரசின் பலத்துக்கு எதிரே ஒரு மனிதரைக் காக்கிறார். 1821இல் ஸ்டீவன்ஸ் அந்தப் பலத்தையே சாரிட்டியின் மீது திருப்பினார். தொழில் தர்மம் இதற்கு விடையாகாது. அவருடைய பிற்காலம் உண்மையிலேயே மகத்தானது. அதைப் போற்றி எழுதுபவர்கள் சாரிட்டி பட்லரின் பெயரையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.