பற்றும் சாட்சியமும்

தேர்தலில் நாம் அளிப்பதற்குத் தமிழில் ‘வாக்கு’ என்று பெயர். வாக்கு என்றால் சொல். அரபியில் அதற்கு ‘ஸவ்த்’ என்று பெயர். ஸவ்த் என்றால் குரல். இரு மொழிகளும் கலந்து பேசி இப்பெயர்களை இட்டதில்லை; ஆயினும் இரண்டும் ஒரே உண்மையைத் தொட்டு நிற்கின்றன. வாக்களிப்பவன் எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை, ஒன்றைச் சொல்கிறான். சொல்பவனுக்குச் சொல்லின் பொறுப்பும் உண்டு. மார்க்க அறிஞர் சிலர் வாக்கை ‘ஷஹாதத்’, அதாவது சாட்சியம் என்னும் வகையில் வைத்துப் பேசியது இதனாலேயே.

அங்ஙனமாயின், தன் கட்சியின்மீது பற்று நீங்காத ஒருவன், அதன் தலைவர்மீது தீராத மனக்குறை கொண்டால், தேர்தல் நாளில் எந்தச் சாட்சியத்தைச் சொல்வான்?

1996ஆம் ஆண்டுத் தேர்தல் வேளையில் மீஞ்சூரில் இக்கேள்வி என்முன் வந்தது. அப்போது நான் ஓதி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளம் ஆசிரியன். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து உட்கார்ந்தார். “ஹஜ்ரத், இரட்டைக் காளைச் சின்னத்தில் தொடங்கியவன் நான். இன்றுவரை காங்கிரஸைத் தவிர வேறெதற்கும் போட்டதில்லை. இந்தத் தடவை மனசு ஒப்பவில்லை. மாற்றிப் போட்டால் துரோகம் ஆகுமா?” என்று கேட்டார்.

அவர் மனக்குறைக்குக் காரணங்கள் இரண்டு. அந்நாளில் பி.வி. நரசிம்ம ராவ் நாட்டின் பிரதமராகவும் காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது அதனைக் காக்கத் தவறியது அவருடைய அரசு. 1996இல் தமிழகக் காங்கிரஸார் பலரும் வேண்டாம் என்று மன்றாடியும், அ.தி.மு.க.வுடன் கூட்டணி என்று டெல்லி முடிவு செய்தது. ஜி.கே. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரஸைத் தொடங்கி, தி.மு.க.வுடன் சேர்ந்து சைக்கிள் சின்னத்தில் நின்றார்.

நான் பெரியவரிடம், “பொறுமையாக இருங்கள், பெரியத்தா. வீட்டில் குறை உண்டென்று வீட்டையே விட்டுவிடலாமா?” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பொறுமை எனக்குத் தெரியும், ஹஜ்ரத். ஒப்பாத ஒன்றை ஒப்பினேன் என்று சொல்லலாமா என்றுதான் கேட்கிறேன்” என்றார். எனக்கு விடை கிடைக்கவில்லை.

நான் அன்று சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. தலைவர் வருவார், போவார், கட்சி நிற்கும். கோபத்தில் அதனை வீழ்த்தினால், நாம் மிக அஞ்சுகிறவர்களே அந்த இடத்திற்கு வந்துவிடக்கூடும். அமெரிக்காவில் 1992இல் இதே விவாதம் எழுந்தது. புதிய வரி இல்லை என்று வாக்குறுதி தந்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், 1990இல் வரி உயர்வுக்கு இசைந்தார். அவருடைய கட்சியின் பழமைபேணும் பிரிவினர் சினந்தனர். பாட் புக்கானன் என்பவர் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்விலேயே அவரை எதிர்த்து நின்றார், தோற்றார், பின்னர் மாநாட்டு மேடையேறி, புஷ்ஷையே ஆதரிக்குமாறு தம்மவரைக் கேட்டுக்கொண்டார். ஆயினும் நவம்பரில் வென்றவர் கிளிண்டன்.

இங்கே ஒன்று கவனிக்கற்பாலது. அந்த நாட்டில் கட்சிக்காரனுக்கு உள்வாயில் ஒன்று உண்டு. தலைவர்மீதுள்ள குறையைக் கட்சிக்குள்ளேயே வாக்காகச் சொல்லலாம். சொல்லித் தோற்ற பின் ஆதரிப்பதில் பொய் இல்லை. அவன் சாட்சியம் முன்னமே பதிவாகிவிட்டது. நம் நாட்டுக் கட்சிகளிலோ வேட்பாளரையும் கூட்டணியையும் மேலிடமே முடிவு செய்கிறது. தொண்டனுக்கு உள்வாயில் இல்லை. அவன் நாவு திறக்கும் ஒரே இடம் வாக்குச்சாவடி. அங்கும் அவன் வாயை மூட வேண்டுமென்றால், அவனுக்குச் சாட்சியமே இல்லை என்றாகிறது.

அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அது எவ்வாறு என்று தோழர்கள் வினவியபோது, அவன் கரத்தைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களும் பதவியேற்ற அன்றே, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே தடுப்பதும் பற்றின் ஒரு வகையே.

எனினும் சாட்சியம் மட்டும் போதாது. விளைவையும் எடைபோட வேண்டும். இரு தீங்குகளில் சிறியதைத் தேர்வது நம் ஃபிக்ஹு நூல்கள் கற்பிக்கும் விதி. 1992க்குப் பின் முஸ்லிம் லீகிலும் இதே பிணக்கு எழுந்தது. காங்கிரஸ் உறவை முறிக்க வேண்டும் என்றார் அகில இந்தியத் தலைவர் இப்ராஹீம் சுலைமான் சேட். கேரளத் தலைவர் பாணக்காடு முஹம்மதலி ஷிஹாப் தங்ஙள், மாநில ஆட்சியிலிருந்து விலகாமல் அமைதி காக்குமாறு மக்களை வேண்டினார். சேட் 1994இல் பிரிந்து இந்திய தேசிய லீக்கைத் தொடங்கினார். அக்கட்சி இடதுசாரி முன்னணியில் முழு உறுப்பாகச் சேர 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் சாட்சியத்தை முன்வைத்தார். மற்றவர் விளைவை முன்வைத்தார். இருவரையும் சமுதாயம் மதிப்போடு நினைவுகூர்கிறது.

எனவே மனக்குறையுள்ளவன் தன்னையே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என் குறை என் சொந்த இழப்பைப் பற்றியதா, கட்சி எதற்காக இருக்கிறதோ அந்த அடிப்படையைப் பற்றியதா? உள்ளே சொல்ல வழியிருந்தும் சொல்லாமல் வெளியேறுகிறேனா? நான் விலகினால் அந்த இடத்திற்கு வருவது எது? முதலாவது சொந்த இழப்பாயின் பொறுப்பதே அழகு. அடிப்படையே குலைந்து, உள்வாயிலும் அடைபட்டு, வருவது பெருந்தீங்கு அன்று என்றும் தெளிந்தால், வாக்கை மறுப்பது துரோகம் அன்று. அது நஸீஹத், நல்லுபதேசம். 1996இல் தமிழகத்தில் அத்தகைய வழி இருந்தது. தி.மு.க., த.மா.கா. அணி 39 மக்களவைத் தொகுதிகளையும் வென்றது; காங்கிரஸுக்கு ஒன்றுமில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. அ.தி.மு.க. கூட்டணியை எதிர்த்துப் பிறந்த த.மா.கா., 2001இல் அதே அ.தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்தது; 2002இல் காங்கிரஸிலேயே இணைந்தது. அந்த 2001 தேர்தலின்போது பெரியவரை மீண்டும் சந்தித்தேன். 1996இல் எதற்குப் போட்டார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உடல் தளர்ந்திருந்தது, பேச்சு தளரவில்லை.

“போன தடவை கையைக் கேட்ட கேள்வியை இந்தத் தடவை சைக்கிளையும் கேட்க வேண்டும், ஹஜ்ரத். கேட்காவிட்டால், அன்று நான் சொன்னது சாட்சியம் இல்லை, வெறும் கோபம்” என்றார்.

அன்று திண்ணையில் எனக்குக் கிடைக்காத விடையை அவரே தந்துவிட்டார்.