அரைப் பேர்

இருவர் கூடி ஒரு நற்செயலைச் செய்கின்றனர். பின்னர் ஏதோ ஒரு காரணம் பற்றிப் பிரிந்து விடுகின்றனர். அதன்பின் அச்செயல் எவருக்குரியது? நிலமாயின் அளந்து கல் நடலாம். பணமாயின் எண்ணிப் பிரிக்கலாம். பசுவாயின் விற்று விலையைப் பகிர்ந்து கொள்ளலாம். பாட்டாயின் என் செய்வது?

இது வெறும் வாய்ப்பேச்சுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி அன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், அவற்றைவிட்டுச் சிரம்பான், செனவாங், நீலாய் முதலிய ஊர்களிற் குடியேறிய நம்மவர் வீடுகளிலும், அறுபது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. வாதியும் பிரதிவாதியும் இன்று உயிரோடில்லை. அவர்கள் சார்பில் ஒருவரும் வக்கீல் வைக்கவுமில்லை. வழக்காடுவோரெல்லாம் அபிமானிகளே. வழக்கின் பெயர், விஸ்வநாதன்–ராமமூர்த்தி.

இளைஞர் பொருட்டு வரலாற்றைச் சுருங்கச் சொல்லி விடுவோம். டி.கே. ராமமூர்த்தி 1922-இல் திருச்சிராப்பள்ளியில், பிடில் வித்துவான்களின் குடும்பத்திற் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிற் பிறந்து, தந்தையை இளமையிலேயே இழந்து, படக் கம்பெனியில் எடுபிடி வேலையிலிருந்து மேலேறி ஆர்மோனியம் கைவரப் பெற்றவர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் பணிபுரிந்தனர். 1952-இல் சுப்பராமன் திடீரென்று இறந்தபோது, அவர் அரைகுறையாக விட்டுச் சென்ற படங்களை இவ்விருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர். ‘தேவதாஸ்’ அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ என்னும் படத்திற்கு இருவர் பெயரும் இணைந்து வந்தது. வடநாட்டிற் சங்கர்–ஜெய்கிஷன் இருப்பதுபோல் இங்கும் ஓர் இணை இருக்கட்டும் என்று கலைவாணரே சொன்னார் என்பர். ராமமூர்த்தி ஆறு ஆண்டு மூத்தவர். ஆயினும் அவர் பெயர் பின்னால் நின்றது. மூத்தவர் பின்னின்று இளையவரைத் தாங்க வேண்டும் என்று கலைவாணர் கூறியதாகவும், ராமமூர்த்தி அதற்கு இசைந்ததாகவும் சொல்லப்படுகிறது. பின்னால் நிற்க இசைந்த ஒருவரை உலகம் எவ்வளவு எளிதாகப் பின்னாலேயே விட்டுவிடும் என்பது அன்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பதின்மூன்று ஆண்டுகள். ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை. ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ மூன்றும் 1964-இல் வந்தவை. ஒன்றில் வடநாட்டு இராகங்கள், ஒன்றில் கித்தாரும் துள்ளலும், ஒன்றிற் பெரியதொரு வாத்தியக் கூட்டம். ஒரே ஆண்டில், ஒரே இருவரிடமிருந்து! 1963-இற் சென்னையில் அவர்களுக்கு வழங்கப்பட்ட பட்டம் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்பது. 1965-இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தனர். அவ்வாண்டிலேதான் சிங்கப்பூரும் நம் நாட்டினின்று பிரிந்தது. பெரியவர் சிலர் இவ்விரண்டு பிரிவையும் ஒரே மூச்சிற் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்; அவர்களுக்கு எது பெரிது என்று கேட்பது மரியாதை ஆகாது.

பிரிவின் காரணம் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் ஈண்டு எழுத நாம் எண்ணவில்லை. கணவன் மனைவி சண்டையைச் சுவரோரம் நின்று கேட்டவன், தான் கேட்டது உண்மையேயாயினும், அதைத் தெருவிற் சொல்லத் தக்கவன் அல்லன். நம் விசாரம் அவர்களைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது.

நம்மவருள் இரு கட்சிகள் உள. முதற்கட்சியார் கணக்குப் பேசுவர். “பிரிந்தபின் விஸ்வநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார், 1970-இல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே. ராமமூர்த்தி தனியே செய்தவை இருபதுக்கும் குறைவு. அப்படியாயின் மூளை யாருடையது என்பது விளங்கவில்லையா?” என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியார் காது பேசுவர். “1965-க்குப் பின் பிடில்கள் அழுத அந்த அழுகை எங்கே? அந்தச் சாஸ்திரக் கட்டு எங்கே? போனவரோடு போயிற்று” என்பர். இவ்விரு கட்சியாரும் ஒருவரையொருவர் பரம விரோதிகளாக எண்ணிக்கொண்டிருப்பினும், உண்மையில் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். பின்னர் நடந்ததைக் கொண்டு முன்னர் நடந்ததை அளக்கின்றனர்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரிற் கரைத்தால் ஆரத்திச் சிவப்பு வருகின்றது. நம் வீட்டுப் பெண்கள் அறியாததன்று. அச்சிவப்பு மஞ்சளில் இருந்ததா, சுண்ணாம்பில் இருந்ததா? ஒன்றைப் பார்த்தால் மஞ்சள் நிறம். மற்றதைப் பார்த்தால் வெண்மை. சிவப்பு இரண்டிலும் இல்லை. இரண்டும் தொட்ட இடத்திலே பிறந்தது. பின்னர் மஞ்சளை மட்டும் ஆயிரம் மேனியிற் பூசினாலும், அதனால் அன்றைய சிவப்பு மஞ்சளுக்கே உரியதாகி விடாது. சுண்ணாம்பு ஒரு மூலையிற் கிடந்து உலர்ந்து போனாலும், அதனால் அன்று அது வாளாவிருந்தது என்றும் ஆகாது.

“அப்படியாயின் எவர் என்ன செய்தார் என்று விசாரிப்பதே குற்றமா? உண்மையை அறிய வேண்டாமா?” என்று அறிவுடையார் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சான்று இருக்குமிடத்து விசாரிக்கலாம். ஆனால் இருவர் ஓர் அறையில் அமர்ந்து பாட்டுக் கட்டும்போது என்ன நிகழ்கின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை எடுக்கிறார். மற்றவர் தலையசைக்கவில்லை. அவ்வளவே. முதல்வர் அதை விட்டு வேறொன்றை எடுக்கிறார், அது நிலைக்கிறது, அதை நாம் அறுபது ஆண்டு கேட்கிறோம். அந்த இரண்டாவது மெட்டு யாருடையது? எடுத்தவருடையது என்பீர்கள். ஆனால் அந்தத் தலை அசைந்திருந்தால் அம்மெட்டுப் பிறந்தே இராது. தலையசையாமைக்கு இசைத்தட்டில் அடையாளமில்லை. சேர்க்கப்பட்டது காதில் விழும். ‘வேண்டாம்’ என்று தள்ளப்பட்டது எவர் காதிலும் விழாது. கூட்டாளியின் உழைப்பிற் பெரும் பகுதி இவ்வாறு தடயமற்றுப் போவது. பிரிவினை செய்யப் புகுவோர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எடைபோட்டு, நிறை சரி என்கின்றனர்.

எடையைப் பற்றிச் சொல்ல நமக்குச் சிறிது தகுதியுண்டு. நமது தொழில் தோட்டத்துக் கிராணி வேலை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வேலை எவ்வாறு நடந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். கணவன் நீண்ட கழியிற் கட்டிய அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவான். மனைவி பின்னே சென்று, புல்லுக்குள்ளும் முள்ளுக்குள்ளும் சிதறிய பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் இடுவாள். வெட்டுபவன் நிமிர்ந்து நிற்பதால் தூரத்தில் வரும் மண்டோருக்கு அவன் தெரிவான், குனிந்தவள் தெரியமாட்டாள். எடை ஏறுவது எவன் பெயரில்? எத்தனையோ தோட்டங்களில், எத்தனையோ ஆண்டுகள், ஒரு பெயரில்தான் ஏறியது. சம்பள நாளில் அவன் கைநீட்டிப் பணம் வாங்குவான். அவன் அயோக்கியன் என்று நாம் சொல்லவில்லை, நல்லவனாகவே இருக்கலாம். புத்தகத்தில் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது. அது புத்தகத்தின் குற்றம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அரை நாள் வேலைக்கு ‘அரைப் பேர்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. நாள் முழுதும் வேலை செய்தவர்க்கு அரைப் பேர் போட்டால் அதனை நாம் திருட்டு என்போம். அபிமானிகளாகிய நாம் ராமமூர்த்திக்குப் போட்டிருப்பது அரைப் பேர்கூட இல்லை.

பாருங்கள்: 1963-இல் வழங்கியது ‘மன்னர்கள்’ என்னும் பன்மை. இன்று நம் வாயில் வருவது ‘மெல்லிசை மன்னர்’ என்னும் ஒருமை. அதுவும் பெரும்பாலும் ஒருவரையே குறிக்கின்றது. பாசமலர்ப் பாட்டு ஒலித்தால் ‘எம்.எஸ்.வி. பாட்டு’ என்கிறோம். வேண்டுமென்று செய்கிறோமா? இல்லை. மூன்றெழுத்து நாவுக்கு எளிது. நாவுக்கு எளிதானது நீதிக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லையே! இவ்வாறு கூறுவதால் விஸ்வநாதன் பெருமைக்கு நாம் இழுக்குக் கற்பிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. பிரிந்தபின் அவர் தனித்துச் செய்தவற்றுள் முதல்தரமானவை பல உள. அவை முழுதும் அவருடையவையே. அதுபோலவே ‘நான்’, ‘மூன்றெழுத்து’, ‘தங்கச் சுரங்கம்’ முதலிய படங்களின் இசை முழுதும் ராமமூர்த்தியுடையது. அப்படங்களின் பாட்டுகளை முணுமுணுப்போருட் பலர், அவற்றையும் விஸ்வநாதன் கணக்கில் எழுதிவிடுவதை நாமே கேட்டிருக்கிறோம். கூட்டுச் சொத்தைப் பங்கிடும் கலகம் ஒருபுறமிருக்க, தனிச் சொத்துக்கே இந்தக் கதி!

நிற்க. இவ்விதத் துன்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்த ராக் இசையிற் புகழ்பெற்றது ஆல்மன் சகோதரர்கள் குழு, 1969-இல் தோன்றியது. இரண்டு கித்தார்கள் இணைந்து பாடுவது அதன் சிறப்பு. ஒன்றை வாசித்த டுவேன் ஆல்மன் 1971-இல் விபத்தில் இறந்தார். மற்றதை வாசித்த டிக்கி பெட்ஸ் குழுவைத் தாங்கி நின்றவருள் ஒருவர். 2000-ஆம் ஆண்டில், அவரின்றியே பயணம் செல்வதாகக் குழுவினர் அவருக்குத் தொலைநகல் மூலம் அறிவித்தனர். முப்பது ஆண்டு உறவு ஒரு காகிதத்தில் முடிந்தது. நியாயம் எவர் பக்கம் என்பதை அந்நாட்டு அபிமானிகள் ஆண்டாண்டாக வாதித்தனர். 2024 ஏப்ரலில் அவர் இறந்தபோதும் அவ்வாதம் ஓயவில்லை. நமக்கு வியப்பளிப்பது வேறு. அவரை விலக்கிய அக்குழு 2014 வரை மேடையேறியது. அவர் இயற்றிய இசையை அம்மேடைகளில் தொடர்ந்து வாசித்தது. ஆளை விலக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. அவர் செய்ததை விலக்கும் வல்லமை இல்லை. விலக்கினால் தாங்களே குறைந்து போவார்கள்.

இதற்கு நேர் மாறான ஒன்றும் உண்டு. கலைவாணர் எடுத்துக்காட்டியதாகக் கூறப்படும் அதே சங்கர்–ஜெய்கிஷன் இணையில், பின்னாளிற் பிணக்கு மூண்டது. தனித்தனியே மெட்டமைத்தனர்; ஆயினும் பெயரைப் பிரிக்கவில்லை. 1971-இல் ஜெய்கிஷன் இறந்தார். அதன்பின் சங்கர் தனியொருவராகப் பணிபுரிந்த காலமெல்லாம், 1987-இல் தாம் இறக்கும் வரை, சங்கர்–ஜெய்கிஷன் என்றே போட்டுக்கொண்டார். இறந்தவருக்கு அந்தப் பெயரால் என்ன பயன் என்று கேட்கலாம். அது வியாபாரத் தந்திரம் என்று சொல்வாரும் உளர். இருக்கட்டுமே, வியாபாரமும் நியாயமும் ஒரே வழியிற் செல்லும் நாள் அரிது, செல்லும்போது முகஞ்சுளிப்பானேன்?

நம்மிருவர் கதையில் அப்படி நடக்கவில்லை. முப்பதாண்டு கழித்து, 1995-இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ என்னும் படத்திற்காக இருவரும் மீண்டும் கூடினர். செய்தி கேட்டு நம் தோட்டத்துப் பெரியவர்கள் மகிழ்ந்ததை வீட்டிலே சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய புகழ் திரும்பி வரவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறியவர்கள், தாம் கேட்டது பாட்டையன்று, தம் வாலிபத்தை என்பதை உணரவில்லை. திடலில் வெண்திரை கட்டி, பாய் விரித்து, குழந்தையை மடியிற் போட்டுப் பார்த்த அந்த இரவுகளை எந்த இசையமைப்பாளர் திருப்பித் தர இயலும்? அபிமானியின் கோபத்திற் பாதி இத்தகையது. இருவரும் பிரிந்ததனால் தன் காலம் முடிந்துவிட்டதாக அவன் எண்ணுகிறான்; முடித்தவன் எவன் என்று கேட்டு ஒருவன்மீது பழி போடத் துடிக்கிறான்.

2012-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தை ஒரே மேடையில் வழங்கினார். அன்று ராமமூர்த்திக்கு வயது தொண்ணூறு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். விஸ்வநாதன் 2015 ஜூலையிற் சென்றார். பிரிந்திருந்த ஆண்டுகள், கூடியிருந்த ஆண்டுகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். எனினும் எவரும் அவர்களைப் பிரிந்தவர்களாக நினைவில் வைக்கவில்லை. வழக்காடும்போது கூட ஒருவர் பெயரைச் சொல்ல மற்றவர் பெயர் வேண்டியிருக்கிறது.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்த காரணம் ஒன்றுண்டு. நம் மாநிலத்து ஊர் ஒன்றில், பழைய பாட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடு நடக்கின்றது. விளம்பரத் தாள் நம் கைக்கு வந்தது. பாடப்போகும் பாட்டுகள் பன்னிரண்டு. அவற்றுள் ஒன்பது 1965-க்கு முற்பட்டவை. தாளில் ஒரு படம், ஒரு பெயர். இன்னொரு பெயரையும் அச்சிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்க்கு எழுதினோம். இடமில்லை என்று பதில் வந்தது. டிக்கெட் விலையும் சிற்றுண்டிச் சாலையின் விளம்பரமும் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை அளந்து, மறுபடியும் எழுதியிருக்கிறோம்.