காவலுக்கு ஆளு இருக்கா?

“தொட்டி கட்டியிருக்கீகளே தம்பி, புள்ள எங்க?” என்றுதான் அந்தக் கிடைக்காரர் முதலில் கேட்டார்.

போன பங்குனியில், திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை. இரண்டு பனைகளுக்கு நடுவே என் ஹேமக்கைக் கட்டிவிட்டு அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சென்னையில் வேலை. வாரக் கடைசியில் கேம்பிங் போகிற கூட்டத்தோடு சேர்ந்து ஏலகிரி, கொல்லிமலை என்று சுற்றிப் பழகியவன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அந்தக் காட்டில் ஒரு ராத்திரிகூட வெளியில் படுத்ததில்லையே என்று திடீரென ஓர் ஆசை. “புள்ள நான்தான் அண்ணாச்சி” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாரை இழுத்துப் பார்த்தார். துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “காவலுக்கு ஆளு இருக்கா?”

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஹேமக் வாங்குகிறவனுக்குச் சொல்லித்தரப்படும் விஷயங்கள் வேறு. இழுத்து விறைப்பாகக் கட்டக் கூடாது, சுமார் முப்பது டிகிரி சரிவில் தொய்வு விட வேண்டும். நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளையும், அதனால் குறுக்குவாட்டில் படுக்க வேண்டும். விடியற்காலையில் குளிர் கீழேயிருந்துதான் ஏறும், அடியில் ஒரு விரிப்பு வேண்டும். எல்லாம் உண்மை. செய்து பார்த்தவன் என்கிற முறையில் உத்தரவாதமே தருவேன். நம் பக்கத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: மரம் கிடைக்காது. கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம்தான். அது மரமா புதரா என்று அதற்கே தெரியாது. பனையை விட்டால் நாதியில்லை.

தரையை விட்டு உடம்பைத் தூக்கிக்கொள்வது இங்கே சொகுசு சமாச்சாரமும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல சமயம் கடித்தது வலிக்கவே வலிக்காது என்பதுதான் அதில் பயங்கரம். தூக்கத்திலேயே விஷம் ஏறிவிடும். ஆக, நான் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பத்திரமாக இருந்தேன். கரைக்குக் கீழே அறுப்பு முடிந்த புஞ்சையில், ஆடுகளுக்கு நடுவே, அவர் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

கிடை போடுவது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வெள்ளாமை முடிந்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பார். ஒரே இடத்தில் கிடந்தால் மற்ற இடத்துக்கு உரம் சேராது என்பதால் கிடையை மாற்றி மாற்றிப் போட வேண்டும். நரி, நாய், திருடன் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் முழித்திருந்தாக வேண்டும். அதாவது அந்த மனிதரின் பிழைப்பே முழித்திருப்பதுதான். நானோ தூங்குவதற்காக, அதுவும் வேண்டுமென்றே வெளியில் தூங்குவதற்காக, ஐநூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்திருக்கிறேன். இதை அவரிடம் விளக்கிச் சொல்ல முயன்றேன். “வீட்ல எடம் பத்தலையா?” என்றார்.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. கருக்குமட்டை உரசும் சத்தம், எங்கோ ஒரு நாய், ஆட்டின் இருமல். ஆட்டின் இருமல் அப்படியே கிழவனின் இருமல் மாதிரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏலகிரியில் இப்படியெல்லாம் ஆனதில்லை. யோசித்துப் பார்த்தால், அங்கே கேம்ப் நடத்துகிறவர்கள் ஒரு வாட்ச்மேனைப் போட்டிருப்பார்கள். அவருக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. பத்தரை, பதினொரு மணி இருக்கும். கீழேயிருந்து குரல் வந்தது. “பொரண்டுக்கிட்டே கெடக்கீக. தூங்குங்க தம்பி, நான் முழிச்சுத்தான இருப்பேன்.”

அவ்வளவுதான். கண் திறந்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

இருநூறு ரூபாயை நீட்டினேன். “எதுக்கு?” என்றார். முழித்திருந்ததற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆட்டோட ஆடாத்தான பாத்துக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் கேனில் மிச்சமிருந்த தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து திருச்சுழிக்குப் போனேன். ரமணர் பிறந்த ஊர். 1879 டிசம்பர் 30. திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவர் பிறந்த வீடு. வேங்கடராமன் என்ற பையனாக இருந்தபோது அவர் தூங்கிய தூக்கம் பெயர்போனது. முழித்திருக்கும்போது அவரிடம் வாலாட்டப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் நீ இல்லாமலா போனாய் என்று வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவரும் அவர்தான். ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்று காலையில் சொல்கிறோம். ஒன்றுமே தெரியாதபோது சுகம் மட்டும் எப்படித் தெரிந்தது? வேதாந்திகள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகக் கால் இல்லை.

நான் நின்றுவிட்ட இடம் வேறு. அந்தப் பையனை அடித்தவர்கள் முழித்திருந்தார்கள். தூங்குகிறவனின் உடம்பு முழித்திருக்கிறவன் கையில் இருக்கிறது. அவன் அடிக்கலாம், காவல் காக்கலாம், பேசாமல் எழுந்து போய்விடலாம். தூங்குகிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான், விடியும்வரை. அப்படியென்றால் நான் காசு கொடுத்து வாங்கிய வசதி எங்கே இருந்தது? நைலானிலா, முப்பது டிகிரியிலா?

ஹேமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடையது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய் அவர்கள் அதில் படுப்பதைப் பார்த்தார். பிறகு அது ஐரோப்பியக் கப்பல்களுக்குள் ஏறியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஒரு மாலுமியின் தூளிக்கு 14 அங்குல அகலம்தான் இடம். அதில் எப்படிப் படுக்க முடியும்? பாதிப் பேர் எப்போதும் மேல்தளத்தில் காவலில் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவன் முழித்திருப்பதால்தான் இவனுக்கு 28 அங்குலம். மணி அடித்ததும் முறை மாறும். நியாயமான ஏற்பாடு என்றுதான் தோன்றுகிறது. என்னை உறுத்துவது முறை மாறாத இடங்கள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டதும் அதே கேள்வி. “காவலுக்கு யாரு இருந்தா?” அப்பா இருந்தவரை எங்களுக்குக் குத்தகைப் புஞ்சை உண்டு. களை வெட்டப் போகும்போது வேம்பில் பழைய நூல்சேலையைக் கட்டி என்னைப் போட்டுவிடுவாளாம். வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பு. கட்டெறும்பு இறங்காமல் இருக்கக் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி. நிழல் நகர நகரக் கிளை மாற்ற வேண்டும். குனிந்து வெட்டும்போதும் காது தூளியில்தான். அந்த நிலத்தில் அம்மா ஒருநாளும் படுத்ததில்லை. ராத்திரிக் காவலுக்கு அப்பாதான் போவார். பொம்பளை எப்படிக் காட்டில் படுப்பது? இப்போதும் வெக்கை தாங்காத சித்திரையிலும் கதவுக்குத் தாழ் போட்டு உள்ளேதான் படுக்கிறாள். வெட்டவெளித் தூக்கம் ஆம்பளைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த பட்டா என்பது எனக்கு இத்தனை வயதுவரை உறைக்கவே இல்லை.

வாசல் வேம்புக்கும் திண்ணைத் தூணுக்கும் இடையில் ஹேமக்கைக் கட்டினேன். சும்மா தள்ளிவிட்டேன். “வெறுந்தொட்டிய ஆட்டாத” என்று அதட்டினாள். “அப்ப நீ படு. நான் ஆட்டுறேன்.” வெட்கப்பட்டாள், தெருவைப் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். குறுக்குவாட்டில் படுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மத்தியான வெயிலில் வேப்பங்காற்று. நான் திண்ணையில் உட்கார்ந்து ஆட்டினேன். கால் மணி நேரம் இருக்கும். எட்டிப் பார்த்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

“என்னம்மா?”

“நீ உக்காந்திருக்கியேன்னு தூக்கம் வரமாட்டேங்குது.”

இதற்கு நான் என்ன செய்ய? போகவா என்றேன். போனால் பயமாக இருக்கும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே என்னமோ செய்தது. வாங்கிய கடனை அடைக்கப் போனால், வாங்கிக்கொள்ளத் தெரியாமல் ஒரு கை மூடியே கிடக்கிறது.

அம்மா இறங்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கட்டிக் கொடுக்க வேண்டிய மல்லிகை ஈரத்துணியில் இருந்தது. எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். “நீ போய்ப் படு. நான் பூக்கட்டிக்கிட்டுத்தான இருக்கப் போறேன்” என்றாள்.

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். போய்ப் படுத்தேன். காலால் தூளியை ஒரு தடவை தள்ளிவிட்டது தெரியும். அதற்குப் பிறகு தெரியாது.