சொன்னால் நம்பாத டாக்டர்

மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் வரும் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்கென்று மருத்துவமனை தொடங்கியபோது, அந்த நோயைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்து வந்த பிறகும், இவை இல்லாமல் நோய் குணமாகாது என்ற நம்பிக்கை லேசில் போகவில்லை. அப்படியானால் படுக்கை கிடைக்காத ஏழைகளின் கதி? 1956-இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ், வீட்டில் வைத்தே குணமாக்க முடியுமா என்று சோதிக்க இறங்கினார். 193 நோயாளிகள். குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம். இரு பிரிவுக்கும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கோ இட நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடினார்கள். குணமானதில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை! 1959-இல் முடிவு வெளியானது. வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. உலகமெங்கும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வர இது வழிவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஃபாக்ஸின் சந்தேக புத்தி. நோயாளி “மாத்திரை போட்டுட்டேங்க” என்று சொன்னால் அவர் குழு நம்பிவிடாது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கும் நம் வீடுகளில் இப்படி யாராவது வந்து நின்றால் எத்தனை பேர் தேறுவோம் என்பது வேறு கதை.