பாட்டனாரின் நினைவும் பேரப்பிள்ளைகளின் கடமையும்

முதியோர் சொல்லும் பழங்கதையைக் கேள்விக்கு உட்படுத்துவது மரியாதையா, அவமரியாதையா? இது வீட்டுக்குள் முடிந்துவிடும் சிறு பிணக்கன்று. அன்புக்கும் உண்மைக்கும் இடையே நாம் எங்கு நிற்கிறோம் என்பதைக் கேட்கும் அறவியல் வினா.

பண்டிகை நாளிற் குடும்பம் கூடுகிறது. தைப்பொங்கலோ, சித்திரை வருடப்பிறப்போ, ஆடிப்பிறப்போ, தீபாவளியோ, நாள் எதுவாயினும் உணவு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்தவுடன் பாட்டனார் பேசத் தொடங்குகிறார். யாழ்ப்பாணத்து வீடுகளில் இக்காட்சியை அறியாதார் இலர். மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருந்து கேட்கின்றனர். பெரியோர் பேசுங்கால் செவிசாய்த்தல் கடமை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. எவ்வாறு செவிசாய்ப்பது என்பதை மட்டும் எவரும் கற்பிக்கவில்லை.

அவர் சொல்லும் கதைதான் என்ன? மெழுகிய முற்றம், அரிசிமாக் கோலம், மூன்று கல் வைத்த அடுப்பு, பால் எப்பக்கம் பொங்கி வழியப்போகிறது என்று எல்லோரும் உற்றுநோக்கிய கணம், அதனையடுத்துச் சீனவெடியின் ஓசை. வருடப்பிறப்பன்று கோயிலிலிருந்து வந்த மருத்துநீர், வெற்றிலையில் வைத்துத் தந்த கைவிசேஷம், பிற்பகலிற் போர்த்தேங்காய், மாட்டுவண்டிச் சவாரி, மாமரத்து ஊஞ்சல். ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் கலந்து காய்ச்சிய கூழ். பலாவிலையைக் கோலி ஈர்க்காற் குத்தி அதிலே அள்ளிக் குடித்த சுவை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இந்த ஆடிப்பிறப்பின் களிப்பைச் சிறுவர் பாடலாக்கினார். தலைமுறைகள் பல அதனைப் பாடசாலையிற் பாடி வளர்ந்தன.

பாட்டனார் பொய் சொல்லவில்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். அவர் கண்ட முற்றம் உண்மை; அவர் நாவிலிருந்த சுவை உண்மை. ஆயினும் அவர் சொல்லாது விட்டவையும் உண்மையே.

அந்த முற்றத்தைக் கூட்டி மெழுகியவர் யார்? மாவை இடித்து வறுத்த கைகள் யாருடையவை? தேங்காய் பறித்தவர் யார், விறகு கொத்தியவர் யார், பனங்கட்டிக்காகப் பதநீர் இறக்கியவர் யார்? கூழின் சுவையைப் பாட்டனார் நினைவிற் பேணுகிறார். பாட்டியாரின் நினைவிலோ அடுப்படிப் புகைதான் நிற்கிறது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைத் தனியே இருந்து உண்டவர் அவர். கூட்டம் கூடிய தலைவாசலில் அவருக்கு இருக்கை இருந்ததில்லை. அவரிடம் கதை கேட்டவர் எத்தனை பேர்?

கைவிசேஷத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டாருக்குக் கொடுத்த பின்னர் பாட்டனார் முற்றத்தில் வந்து நின்ற ‘குடிமக்களுக்கும்’ கொடுத்தார். துணி வெளுத்தவரும் முடி திருத்தியவரும் வயலில் உழைத்தவரும் வரிசையாக நின்று வாங்கினர். இதனைப் பாட்டனார் தம் கொடைத்தன்மைக்குச் சான்றாகச் சொல்லி மகிழ்கிறார். வாங்கியவரின் பேரப்பிள்ளைகளுக்கு அதே நாளைப் பற்றி வேறொரு கதை சொல்லப்பட்டிருக்கும்: விறாந்தையில் ஏற முடியாத கதை, கிணற்றைத் தொட முடியாத கதை, சிரட்டையில் ஊற்றியதைக் குடித்த கதை. நாணயம் ஒன்று, நாள் ஒன்று, நினைவுகள் இரண்டு. ஒன்று குடும்ப வரலாறாகப் போற்றப்படுகிறது. மற்றையது முணுமுணுப்பாக அடங்கிவிடுகிறது.

நினைவு தனிமனிதனின் மூளைக்குள் மாத்திரம் உறையும் பொருளன்று. ஒரு சமூகக் குழுவினர் தமக்குள்ளே வைத்திருக்கும் சட்டகத்தினுள்ளேதான் ஒவ்வொருவரும் நினைவுகூர்கின்றனர் என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் மோரிஸ் ஹல்புவாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலொன்றில் விளக்கினார். குடும்பம், மதம், வர்க்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நினைவு உண்டு என்பது அவர் கொள்கை. நாசிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் 1945இல் அவர் மாண்டார். அவருடைய கருத்தை நம் முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பின், பாட்டனார் ‘மறந்தது’ முதுமையின் தளர்ச்சியால் அன்று என்பது புலனாகும். அவர் இளமையிலும் அவற்றைக் காணவில்லை. அவர் பிறந்த சட்டகம் அவற்றைக் காணவேண்டாம் என்று அவருக்குப் பழக்கியிருந்தது.

இது வெறும் கதைதானே, இதனால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் வினவலாம். முதியோர் நினைவு எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் முடித்தார். பன்னிரு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். அதுவே தேசவழமை. செல்வரும் செல்வாக்குடையோருமான பெரியோர் ‘எங்கள் வழக்கம் இது’ என்று நினைவுகூர்ந்தது சட்டமாயிற்று. சீதனமும் முதுசமும் அதில் இடம்பெற்றமை போலவே அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது. ஆங்கிலேயர் 1806இல் அதற்கு முழுச் சட்டவலு அளித்தனர். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேதான். அடிமைகளை அழைத்து உங்கள் நினைவில் வழக்கம் எதுவென்று முதலியார்களைக் கேட்டது போலக் கேட்டிருந்தால் அந்நூல் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க. யாருடைய நினைவு பதிவாகிறது என்பது யாருடைய உரிமை நிலைபெறுகிறது என்பதோடு பிணைந்தது.

இனி, நம்மிடையே நிலவும் இரு நிலைப்பாடுகளை ஆராய்வோம்.

ஒரு சாரார், ‘வயது போனவர், சொல்லிவிட்டுப் போகட்டும், எதற்கு அவர் மனத்தைப் புண்படுத்துவது?’ என்பர். இது கனிவாகத் தோன்றுகிறது. ஆனால் இதனுள் ஒரு புறக்கணிப்பு மறைந்துள்ளது. ஒருவரின் சொல்லுக்கு மறுமொழியே வேண்டாம் என்று நாம் தீர்மானிக்கும்போது, அவரை நியாயம் பேசத்தக்க மனிதராகக் கருதுவதை விட்டுவிடுகிறோம். குழந்தையின் மழலையைக் கேட்பது போலத் தலையாட்டுகிறோம். எண்பது ஆண்டு வாழ்ந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

இதே சாரார் சொல்லும் மற்றொரு வாதம், ‘அந்தக் காலம் அப்படி’ என்பது. காலம் முழுவதையும் ஒரே மனமுடையதாகக் காட்டும் இவ்வாதம் வரலாற்றுக்கு முரணானது. யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் 1924இல் தோன்றியது. பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அவ்வியக்கம் தீண்டாமையை எதிர்த்தது. அதன் இளைஞர் சமபந்தி போசனம் நடத்தினர். பாடசாலைகளிற் சமவாசனம் வேண்டும் என்ற போராட்டம் 1920களின் இறுதியில் எழுந்தது. ஒடுக்கப்பட்டோர் தாமே சங்கம் அமைத்தனர், மனுக்கள் எழுதினர், அடிபட்டனர், மீண்டும் எழுந்தனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தும் தேநீர்க்கடைகளும் ஆலயங்களும் திறக்கவில்லை. ஆதலின் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. இவையெல்லாம் பாட்டனாரின் தலைமுறையோ அவருக்கு முந்திய தலைமுறையோ வாழ்ந்த காலத்தில் நடந்தவையே. ‘அந்தக் காலத்திலேயே’ இது அநீதி என்று சொன்னோர் இருந்தனர். அவர்களுக்குச் செவிகொடுக்கும் வாய்ப்பும் இருந்தது.

பிறிதொரு சாரார், பெரும்பாலும் இளைஞர், பாட்டனாரை ஒரேயடியாகக் கண்டித்துவிட விரும்புவர். இவர்களின் சினம் நியாயமானது. அதன் எளிமைதான் ஐயத்துக்குரியது. அம்முற்றம் நின்ற காணியில் எழுந்த வீட்டில்தானே நாம் வளர்ந்தோம்? அவ்விளைச்சலில் வந்த பணத்தில்தானே நம் தந்தையர் கற்றனர்? பாட்டனாரைக் கண்டிப்பதால் நாம் அவரிலிருந்து வேறானவர் என்று நிறுவிக்கொள்ளலாம். ஆனால் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தவராகமாட்டோம். இன்றும் மணப்பேச்சு வரும்போது முதலில் விசாரிக்கப்படுவது எது என்பதை இவ்விளைஞர் அறிவர். பழைய முற்றத்தைக் கண்டிப்போர் தம் திருமணப் பந்தலையும் சற்று நோக்குதல் வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொரு கடினமான நிலைமையையும் மறைக்காமற் பேசுதல் தகும். நம் பாட்டனார் பலருக்கு இன்று நினைவைத் தவிர வேறு உடைமை இல்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை அவர்கள் கண்டனர். 1983இன் கொடுமைக்குப் பின் கொழும்பிலிருந்து வந்த உறவினரை ஏற்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் மழையிலே நடந்தனர். முற்றமும் மாமரமும் பின்னே நின்றன. போர் 2009இல் முடிந்தபோது பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருந்தனர். பொங்கற் கூட்டம் இன்று பல வீடுகளிற் கைபேசித் திரையிலேதான் கூடுகிறது. இத்தகைய மனிதரிடம் சென்று, எஞ்சியிருக்கும் நினைவும் பழுதுடையது என்று சொல்வது கொடுமையாகாதா?

இவ்வினாவை நாம் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதன் உள்ளேயே விடையும் உளது. நூலகம் எரிந்ததை உலகம் மறக்கலாகாது என்று நாம் கேட்கிறோம். நம் பிள்ளைகள் காணாமலாக்கப்பட்டதை எதிர்த்தரப்பார் தம் வீடுகளிற் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவ்வாறு கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை எந்த அறத்தின்மேல் நிற்கிறது? இழைத்தவர் தம் நினைவின் இனிமைக்காகப் பிறர் பட்டதை அழிக்கலாகாது என்னும் அறத்தின்மேல். அவ்வறம் நம் முற்றத்து வாசலில் வந்து நின்றுவிடுமா? 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், அண்ணளவாக 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குச் சில மணி நேரமே கிடைத்தது. பெருநாட்களில் அவர்கள் தந்த பலகாரத்தைப் பாட்டனார் அன்போடு நினைவுகூர்கிறார். அவர்கள் சென்ற நாளைப் பற்றி அவர் பேசுவதுண்டா? நாம் கேட்டதுண்டா?

ஆகவே நம் கடமை கேட்பது. கண்டிப்பதிலும் தலையாட்டுவதிலும் இல்லாத ஒரு மதிப்பு கேள்வியில் உண்டு. ‘அப்பு, அந்தப் பொங்கலுக்கு ஆர் அரிசி குத்தினது? அவை எங்கை இருந்து சாப்பிட்டவை? அவையின்ரை பேர் நினைவிருக்கோ?’ என்று பேரப்பிள்ளை அருகிலிருந்து கேட்கும்போது, பாட்டனாருடைய நினைவைப் பறிக்கவில்லை, அதனை விரிக்கிறது. சிலர் சினப்பர். சிலர் மௌனமாவர். சிலரோ நெடுநாள் உள்ளே கிடந்த பெயரொன்றைச் சொல்லக்கூடும். அப்பெயரைச் சொல்ல அவருக்கு இடமளிப்பது அவரை நியாயம் பேசவல்ல மனிதராக மதிப்பதாகும்.

ஆசிரியராகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ‘எங்கள் வீட்டுப் பொங்கல்’ என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். வகுப்பு முழுவதும் ஒரே முற்றத்தை எழுதித் தருகிறது. முற்றமே இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதனையே எழுதுகிறது. வீட்டிலுள்ள முதியோரிடம், ஆண்கள் பெண்கள் இருபாலாரிடமும், வேலை செய்தவர் யார், வெளியே நின்றவர் யார், வராமற் போனவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதும்படி சொல்லிப் பார்ப்போம். ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முற்றத்தின் விளிம்பில் நின்றவரின் பேரப்பிள்ளையை எழுப்பி வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லலாகாது. பிறருக்குப் பாடமாவதற்காக ஒரு பிள்ளை தன் குடும்பத்தின் அவமானத்தை விரித்துக் காட்டவேண்டியதில்லை. சொல்வதா விடுவதா என்பது அப்பிள்ளையின் உரிமை. கேட்டறியும் சுமையை முதலில் ஏற்கவேண்டியவர் விறாந்தையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளே.

பாட்டனார் நெடுநாள் இருக்கமாட்டார். அவரோடு அவருடைய முற்றமும் போய்விடும். அதில் நின்றவர்களின் பெயர்களும் போய்விடும். வரும் பொங்கலுக்கு அவர் அருகில் அமர்வோம். கூழின் சுவையையும் கேட்போம், கூழ் காய்ச்சியவரின் பெயரையும் கேட்போம். அப்பெயருடையோரின் வழித்தோன்றல்கள் அதே ஊரில், சில வேளை அதே ஒழுங்கையில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவும், அவர்கள் அழைத்தால் அமர்ந்து உண்ணவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே இறுதியில் எஞ்சும் வினா.